கருப்பு வெள்ளையில் தன் முகம்: போனில் எந்த வழி யாருக்குச் சரி?

இந்த ஆனியில் சாரல் தொடங்கிய வாரத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

அக்கா மகன் கவிதை எழுதுகிறான். ஒரு சிற்றிதழில் அவனுடைய கவிதை வரப்போகிறது. "கருப்பு வெள்ளையில் உங்கள் படம் ஒன்று வேண்டும், நாளைக்குள் அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்கள். "மாமா, போன்லயே மோனோ ஃபில்டர் இருக்கு. அதுல ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பிட்டா போதாதா?" என்றான்.

எதிர்வீட்டுத் தங்கச்சி புனலூரில் நர்ஸ். செங்கோட்டையிலிருந்து தினமும் மலை தாண்டிப் போய்வருகிறாள். அவளுடைய ஆச்சியின் ஸ்டூடியோ படம் ஒன்று வீட்டில் தொங்குகிறது. செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்த காலத்தில், அதாவது 1956க்கு முன்னால் எடுத்த படம். அதன் பக்கத்தில் மாட்டுகிற மாதிரி தன் படம் ஒன்று வேண்டும் என்கிறாள், அதுவும் தானே எடுத்ததாக.

மூன்றாவது, ஆரியங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எழுபதைத் தாண்டியவர். "தம்பி, வேற யாராவது எடுத்தா நான் விறைச்சுப் போயிடுறேன். என்னை நானே எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

மூன்று பேர் கையிலும் இருப்பது சாதாரண போன்தான். ஆனாலும் மூவருக்கும் ஒரே பதில் பொருந்தவில்லை. சாரல் தொடங்கியதும் என் முகத்தை நானே ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுத்து வைப்பது பல வருஷப் பழக்கம். அதில் கற்றுக்கொண்டதை வைத்து வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுச் சொல்கிறேன்.

## போன் பார்ப்பது நிறத்தைத்தான்

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மோனோ என்று போட்டு எடுத்தாலும் கேமராவுக்குள் விழுவது நிறப்படம்தான். சென்சாரின் புள்ளிகள் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன வடிகட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு இது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, மீதிக் கால்வாசி நீலத்துக்கு. கருப்பு வெள்ளைக்கென்றே தனி சென்சார் வைத்த போன்களும் கொஞ்ச காலம் வந்தன: 2016இல் ஹுவாவே பி9, 2017இல் நோக்கியா 8. இன்று உங்கள் கையில் இருப்பது அநேகமாக அந்த வகையாக இருக்காது.

ஆக, நிறப்படம் சாம்பலாக மாறுவது வெறும் கணக்கு. வழக்கமான கணக்கு இது: சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டினால் அந்தப் புள்ளியின் சாம்பல் அளவு கிடைக்கும். 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை.

போன வருஷம் ஆரியங்காவு போகிற வழியில் ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்று எடுத்த என் படம் ஒன்றின் எண்களைப் பார்த்தேன். கன்னத்தில் சிவப்பு 150, பச்சை 105, நீலம் 80. பின்னால் இருந்த இலையில் சிவப்பு 90, பச்சை 130, நீலம் 60. ஒன்று மாநிறம், இன்னொன்று இலைப்பச்சை. சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் கணக்குப் போட்டால் கன்னம் 116, இலை 110. வெறும் ஆறு படி. படத்தில் காது எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

நம் பக்கத்துச் சிக்கலே இதுதான். புளியரை வயல், கோட்டைவாசல் காடு, தென்மலை வரைக்கும் ரப்பர், எங்கே நின்றாலும் முதுகுக்குப் பின்னால் பச்சை. நம் முகம் மாநிறம். நிறத்தில் இரண்டும் அழகாக ஒட்டாமல் நிற்கும், சாம்பலில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். அதனால்தான் நிறத்தை எந்த இடத்தில் கைவிடுவது என்ற கேள்வி இந்த ஊரில் பெரிதாகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் இப்போது சொன்னதுதான்: முகம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறதா.

இரண்டாவது, தோல் தன் நிறத்தில் இருக்கிறதா. மாநிறத்துக்குள்ளேயே எத்தனை அடுக்கு இருக்கிறது! நெற்றியில் ஒரு மினுக்கம், கன்னத்தில் ஒரு நிதானம், கழுத்துப் பக்கம் ஒரு ஆழம். போன் கேமரா இதை மாவு பூசினது போல ஒரே வெளுப்பாக்கிவிடும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகடிவ்மேல் பென்சில் வைத்துத் தேய்த்து முகத்தை வெளுப்பாக்குவார்கள். எதிர்வீட்டு ஆச்சியின் படத்திலும் அது தெரிகிறது: கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அப்போது கைவேலையாகச் செய்ததை இப்போது போன் கேட்காமலே செய்கிறது.

மூன்றாவது, முகத்தின் வடிவம். மூக்கு மூக்காக இருக்க வேண்டும், காது காணாமல் போகக் கூடாது.

நான்காவது, பிறகு மனசு மாறினால் திரும்பி வர முடியுமா. ஐந்தாவது, நேரமும் பொறுமையும். செலவைக் கடைசியில்தான் வைக்கிறேன். எல்லா வழியும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், சில வழிகளில் அதுவும் கிடையாது.

## வழி 1: முன் கேமரா, மோனோ ஃபில்டர்

அக்கா மகன் சொன்ன வழி. போனை நீட்டு, ஃபில்டரைத் தட்டு, எடு. அரை நிமிஷம்.

இதில் ஒரு உண்மையான நன்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திரையில் உங்கள் முகம் அப்போதே சாம்பலாகத் தெரிவதால், கண் நிறத்தை மறந்து வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் மூக்கின் நிழல் எப்படி நகர்கிறது, தாடைக்குக் கீழே எங்கே இருட்டு விழுகிறது என்பதெல்லாம் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஃபில்டர் போட்டு எடுத்தால் அதோடு முடிந்தது. கோப்புக்குள் நிறம் இருக்காது, இலையைத் தனியாக இருட்டாக்க முடியாது, 116ம் 110ம் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஐபோனில் மோனோ, சில்வர்டோன், நோயர் என்று வரும் ஃபில்டர்களை அப்புறம் எடுத்துவிட்டு நிறத்துக்குத் திரும்பலாம். உங்கள் போன் எந்த வகை என்று ஒரு படம் எடுத்து, எடிட்டில் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது செலவு எனக்கே நேர்ந்தது. ஒருநாள் காலையில் மோனோவில் என்னைப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். என் போன் அந்த ஃபில்டரை நினைவில் வைத்திருந்தது. சாயங்காலம் சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழா. பிள்ளையின் பட்டுப்பாவாடை, தாய்மாமன் சீர்த்தட்டு, வாசல் மாவிலைத் தோரணம் எல்லாம் வெயிலுக்கடியில் வேகவேகமாக எடுத்தேன். திரையை ஊன்றிப் பார்க்கவில்லை. நாற்பது படங்களும் சாம்பலாகவே பதிவாகியிருந்தன. அந்தப் பாவாடை என்ன நிறம் என்று அந்தப் பிள்ளை பெரியவளாகிக் கேட்டால் வாயால்தான் சொல்ல வேண்டும். வருத்தம் இன்னும் போகவில்லை. ஃபில்டர் போட்டால் எடுத்து முடித்த கையோடு கழற்றிவிடுங்கள்.

சாம்பலில் பார்க்கிற நன்மையும் வேண்டும், நிறமும் கைவிட்டுப் போகக் கூடாது என்றால் ஒரு வழி உண்டு. போனின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் திரையையே சாம்பல் நிறமாக்கும் வசதி இருக்கும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும். அதைப் போட்டுக்கொண்டு கேமராவைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது கருப்பு வெள்ளை, பதிவாவது நிறப்படம். வழி 1இல் உள்ள நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற வழிகளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போது இது சரி: வாட்ஸ்அப் டிபிக்கு, பின்னணியில் பச்சை இல்லாத இடத்தில், வெளிச்சம் பழக. சட்டம் போட்டு மாட்டப்போகிற படத்துக்கு வேண்டாம்.

## வழி 2: முன் கேமரா, நிறத்தில் எடுத்துப் பிறகு மாற்றுவது

எடுப்பது அதே செல்ஃபிதான். வித்தியாசம் எல்லாம் அப்புறம் நடக்கிறது. கூகுளின் ஸ்னாப்சீட் செயலி இலவசம். அதில் கருப்பு வெள்ளை என்ற கருவிக்குள் போனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் இருக்கும். சிவப்பைத் தொட்டால், எளிமையாகச் சொன்னால், சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது போல. என் ரப்பர் தோட்டப் படத்தில் கன்னம் 150 ஆகவும் இலை 90 ஆகவும் போய்விடும். ஆறு படி வித்தியாசம் அறுபதாகிறது. முகம் தோட்டத்திலிருந்து வெளியே வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு அது மாயம் போலவே இருக்கும்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். 116ஆக இருக்க வேண்டிய கன்னம் 150க்கு ஏறியிருக்கிறது, அதாவது முகம் வெளுத்துவிட்டது. உதடும் சிவப்புச் சாயல் உள்ளது என்பதால் அதுவும் வெளுத்துத் தோலோடு கலக்கும். பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குங்குமப் பொட்டு. சிவப்பு 180, பச்சை 30, நீலம் 40 உள்ள குங்குமம் வழக்கமான கணக்கில் 76. மாநிற நெற்றியில் அழகான கரும்பொட்டாக நிற்கும். சிவப்பு வடிகட்டியில் அதே பொட்டு 180, தோலைவிட வெளிச்சமாகிக் கிட்டத்தட்ட மறைந்துவிடும். எதிர்வீட்டுத் தங்கச்சி ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, பொட்டு வச்சேன், படத்துல காணோம்" என்றாள். காரணம் இதுதான். சந்தனக் கீற்றுக்கு இந்தக் கவலை இல்லை, அது எந்த வடிகட்டியிலும் வெளிச்சமாகவே நிற்கும்.

நான் செய்வது வேறு. முகத்தை ஏற்றுவதைவிட இலையை இறக்குவேன். லைட்ரூமின் போன் செயலியில் கருப்பு வெள்ளைக்கு மாற்றியபின் எட்டு நிறங்களுக்குத் தனித்தனி ஸ்லைடர் கிடைக்கும். நம் தோல் பெரும்பாலும் ஆரஞ்சில் இருக்கிறது; அதைத் தொடுவதில்லை. பச்சையைக் கீழே இழுப்பேன், பிறகு மஞ்சளைக் கொஞ்சம். நாம் பச்சை என்று சொல்லும் இலையில் பாதிக்குமேல் மஞ்சளில்தான் கிடக்கும் என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். மஞ்சளை அதிகமாக இழுத்தால் கன்னமும் சேர்ந்து கறுக்கத் தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டும். இலை இருட்டாகி முகம் தன் நிறத்திலேயே மேலே வரும்.

மரத்தடியில் நின்று எடுத்தால் இந்த வித்தையும் கைகொடுக்காது. இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சமே பச்சையாக இருப்பதால் முகத்திலும் பச்சை ஏறியிருக்கும். இலையை இழுத்தால் முகமும் கூடவே வரும். மரத்தைப் பின்னால் வையுங்கள், தலைக்குமேல் வைக்காதீர்கள்.

முன் கேமராவின் குறை அப்படியே இருக்கிறது. கை நீளம்தான் தூரம். கிட்டத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் ஓடும். 12 அங்குலத்திலிருந்து எடுத்தால் 5 அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. மூக்கு சரியில்லை என்று வருந்துகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், தூரம்தான் சரியில்லை. அப்புறம் பியூட்டி மோட். முன் கேமராவில் அது பெரும்பாலும் தானாகவே போட்டிருக்கும். எல்லா அளவையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடுங்கள். அது தேய்த்துவிட்ட தோலை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

எப்போது இது சரி: இன்றைக்கே படம் வேண்டும், உதவிக்கு ஆள் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, ஆனால் படம் அச்சுக்குப் போகிறது. கையை முழுதாக நீட்டி எடுத்து ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள்.

## வழி 3: பின் கேமரா, ஸ்டாண்ட், டைமர்

எனக்குப் பிடித்த வழி. சிரமமானதும் இதுதான்.

பெரும்பாலான போன்களில் பின்பக்க முதன்மைக் கேமராவின் சென்சார் முன்பக்கத்தைவிடப் பெரியது. சாரல் நாளின் மங்கல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும்: கன்னத்தின் நிழல் பக்கத்தில் முன் கேமரா கொசகொசவென்று புள்ளி போடும் இடத்தில், இது வழவழப்பாக இருட்டைக் காட்டும். போனை 5 அடி தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகத்தின் வடிவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல வரும். 48 அல்லது 50 மெகாபிக்சல் போன்களில் இந்த ஜூமுக்குத் தரம் அதிகம் குறையாது. 12 மெகாபிக்சல் போனில் நடுப்பகுதியை வெட்டினால் 3 மெகாபிக்சல் மிஞ்சும். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்குத் தேவை 2 சொச்சம்தான், போதும்.

சிரமம் எங்கே? உங்களை நீங்கள் பார்க்க முடியாது. ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் செய்கிற முறை: உட்காரப் போகிற நாற்காலியின் முதுகில், என் முகம் வரும் உயரத்தில், ஒரு மடக்குக் குடையைத் தொங்கவிடுவேன். திரையில் குடைமேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். வெளிச்சக் குறியைச் சற்றுக் கீழே இழுப்பேன், நெற்றி மினுக்கம் வெந்து வெள்ளையாகிவிடாமல் இருக்க. இருட்டைக் கொஞ்சம் தூக்கலாம். வெந்துபோன வெள்ளையில் தூக்க ஒன்றும் இருக்காது. டைமரை 10 விநாடிக்கு வைத்து, குடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவேன். சில நூறு ரூபாய்க்குள் புளூடூத் ரிமோட் கிடைக்கிறது. அது இருந்தால் ஓடி வந்து உட்கார வேண்டியதில்லை, முகத்தில் மூச்சிரைப்பு தெரியாது.

1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் கேமராவைத் தானே வைத்துவிட்டு அதன் முன்னால் போய் அசையாமல் இருந்து தன் முகத்தை எடுத்தார். அந்தப் படத்தில் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார், தலை கலைந்திருக்கிறது. உலகின் மிகப் பழைய தன் உருவப்படங்களில் ஒன்று அது. உங்கள் முதல் பத்து முயற்சியில் தலை ஓரத்தில் வெட்டுப்பட்டால் மனம் தளர வேண்டாம்.

ஸ்டாண்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு படி நிறைய அரிசி, அதில் போனைச் செருகி ஸ்டூல்மேல் வைத்தால் வேண்டிய சாய்வில் நிற்கும். வெளியே எடுப்பதானால் இந்த மாதங்களில் கணவாய்க் காற்றை மறக்காதீர்கள். ஆரியங்காவு வழியாக வருகிற காற்று இலேசான ஸ்டாண்டைப் போனோடு தள்ளிவிடும். நடுவில் கொக்கி இருந்தால் தண்ணீர் பாட்டில் போட்ட பையைத் தொங்கவிடுங்கள். லென்ஸ்மேல் சாரல் பொட்டு விழும், விரல் எண்ணெய் வேறு. பழைய வேட்டித் துணி ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

மறைந்த செலவு நேரம்தான். ஒரு நல்ல படத்துக்கு ஒரு மணி நேரம், முப்பது நாற்பது முயற்சி. நிறத்திலிருந்து மாற்றும் வேலை வழி 2இல் சொன்னதேதான்.

எப்போது இது சரி: பிரிண்ட் போட்டு மாட்டப்போகிறீர்கள், வருஷக்கணக்கில் வைத்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால்.

## வழி 4: ரா கோப்பு

வழி 3ஐயே ரா வடிவத்தில், அதாவது சென்சார் பதித்த தகவலை அதிகம் தொடாமல் வைத்திருக்கும் கோப்பாக எடுப்பது. சாதாரண ஜேபெக் கோப்பில் சாம்பலுக்கு 256 படிகள்தான். ராவில் அதைவிடப் பல மடங்கு தகவல் இருக்கும், போன் தானாகச் செய்யும் கூர்மை, தேய்ப்பு எல்லாம் பெரும்பாலும் இருக்காது. அளவு பெரியது: ஐபோனின் 12 மெகாபிக்சல் புரோரா ஒன்றே சுமார் 25 எம்பி. எடிட் பழக்கம் உள்ளவருக்கு நல்லது. மற்றவர்கள் முதலில் வழி 3இல் கை பழகட்டும், அவசரமில்லை.

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| பச்சையிலிருந்து முகம் பிரிவது | கையில் இல்லை | பிரிக்கலாம் | பிரிக்கலாம் | இன்னும் நுணுக்கமாக |
| தோலின் அடுக்கு | பியூட்டி மோட் தின்றுவிடும் | சுமார் | நன்று | மிக நன்று |
| முகத்தின் வடிவம் | மூக்கு பெருக்கும் | மூக்கு பெருக்கும் | சரியாக வரும் | சரியாக வரும் |
| நிறத்துக்குத் திரும்புவது | பல போன்களில் முடியாது | முடியும் | முடியும் | முடியும் |
| நேரம் | அரை நிமிஷம் | கால் மணி | ஒரு மணி | அதற்கும் மேல் |

## எந்த வழியானாலும் வெளிச்சம்

மாநிற முகத்துக்கு வடிவம் கொடுப்பது மினுக்கம். வெளுத்த தோலில் நிழல் விழுந்து வடிவம் தெரியும். நம் தோலில் கன்ன எலும்புமேல், மூக்குத் தண்டின்மேல் ஓடுகிற ஒளிக்கோடு அந்த வேலையைச் செய்கிறது. அதனால் பெரிய, மெதுவான வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். மேற்கே மேகம் இறங்கிய சாரல் காலை, எட்டு ஒன்பது மணி, திண்ணை ஓரம். இதைவிட நல்ல ஸ்டூடியோ எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் என்றால் சன்னல் பக்கமாக உட்காருங்கள். 2 அடியில் இருந்தவர் 4 அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், கால்வாசி வரைக்கும்கூட இறங்கும். ஓட்டு வீட்டில் நடுக்கூடத்துக் கண்ணாடி ஓட்டின் நேர்கீழே உட்காராதீர்கள். உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் கண் இரண்டும் குழியாகிவிடும். இரண்டடி பின்னால் தள்ளி, முகத்தைச் சற்று உயர்த்தினால் அதே ஓடு அருமையான விளக்கு.

ட்யூப்லைட்டைத் தவிர்க்கலாம். முடியாவிட்டால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். படத்தில் வரி வரியாகப் பட்டை விழுந்தால் அளவுகளை நாமே வைக்கிற புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள்.

பழைய தேக்குக் கதவைப் பின்னணியாக வைக்க எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் மரமும் மாநிறமும் ஒரே ஆரஞ்சுக் குடும்பம். பச்சை இலையை ஸ்லைடரில் இறக்கியதுபோல மரத்தை இறக்க முடியாது, முகமும் சேர்ந்து இறங்கும். அங்கே நிறம் உதவாது, தூரம்தான் உதவும். கதவிலிருந்து நான்கைந்து அடி முன்னால் வந்து சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் கதவு தானாக இருட்டுக்குள் போகும், செதுக்குவேலை லேசாகத் தெரியும், முகம் முன்னால் நிற்கும்.

போர்ட்ரெய்ட் மோடின் மங்கலாக்கல் வேண்டுமா என்றால், நான் போடுவதில்லை. சுருட்டை முடி, காதோர நரை எல்லாம் கருப்பு வெள்ளையில் கோடு கோடாகத் தெரிகிற அழகு. அந்த மோட் அவற்றைக் கத்தரித்துவிடுகிறது.

## எங்கே போய்ச் சேரப்போகிறது

சாதாரணத் தாளில் கருப்பு மை ஓட்டி அச்சடிக்கிற இதழ் என்றால் மை கொஞ்சம் பரவும், நடுத்தரச் சாம்பல் எல்லாம் ஒரு படி கறுக்கும். திரையில் சரியாகத் தெரிகிற மாநிற முகம் தாளில் கரிப்பூச்சாகிவிடலாம். அனுப்புவதற்கு முன் நடு அளவை மட்டும் சிறிது தூக்கிக்கொள்ளுங்கள். இது வெளுப்பாக்குவது ஆகாது, மை எடுத்துக்கொள்ளப் போவதை முன்கூட்டியே கொடுத்து வைப்பது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் என்றால், பெரும்பாலும் நிறப்படத் தாளில்தான் கருப்பு வெள்ளையும் அடிப்பார்கள். அதனால் லேசாகப் பச்சை அல்லது ஊதாச் சாயல் ஏறலாம். முதலில் 4க்கு 6 ஒன்று மட்டும் போட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரியது சொல்லுங்கள்.

## அந்த மூன்று பேர்

அக்கா மகனுக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது. வழி 2 சொன்னேன். காலையில் மாடிச் சன்னலோரம் கை நீட்டி எடுத்து, பியூட்டி மோடைக் கழற்றி, வெளியே தெரிந்த வேப்பமரத்தைப் பச்சை ஸ்லைடரில் இறக்கி, நடு அளவைக் கொஞ்சம் ஏற்றி அனுப்பினான்.

ஆசிரியருக்கு வழி 1ஐச் சற்று மாற்றிச் சொன்னேன்: ஃபில்டர் வேண்டாம், திரையை மட்டும் சாம்பலாக்கிக்கொள்ளுங்கள், 3 விநாடி டைமர் போதும். ஆளில்லாத வீட்டில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவருடைய விறைப்பு இளகிவிட்டது. அறுபதுக்கு மேல் எடுத்திருக்கிறார். எதை மாற்றுவது என்று இன்னும் தேர்ந்துகொண்டிருக்கிறார். நிறம் உள்ளே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

எதிர்வீட்டுத் தங்கச்சியிடம் வழி 3 என்றேன். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் படி அரிசியும் போனுமாக உட்கார்ந்து, கதவிலிருந்து நான்கடி தள்ளி எடுத்தாள். "அண்ணே, ஆச்சி மாதிரி மூஞ்சியை மட்டும் வெளுப்பாக்கிடாதீங்க, கையும் மூஞ்சியும் ஒண்ணா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றவே கொடுத்தாள். ஆரஞ்சைத் தொடவில்லை. பொட்டு கருப்பாக நிற்கிறது. முதல் பிரிண்டில் பச்சைச் சாயல் இருந்தது, திருப்பிக் கொடுத்து வாங்கினாள். இப்போது ஆச்சி படத்தின் சட்டத்துக்குப் பொருத்தமாக அதே அகலத்தில் மரச்சட்டம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.